வளவும் கோழியும் ஆணமும்: கிழக்கு முஸ்லிம் பெண்களின் எழுதப்படாத பொருளாதாரம்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் நின்றே அதனை எழுதியிருக்கிறார்கள். ஒன்று துறைமுகம். மற்றது பள்ளிவாசல். மூன்றாவது சட்டசபை. 1344இல் புத்தளத்துக் கரையில் வந்திறங்கிய இப்னு பதூதாவிலிருந்து தொடங்கி, வணிகர், மார்க்க அறிஞர், அரசியல் தலைவர் என்று அந்த வரலாறு நகர்ந்து செல்லும். கிழக்கு மாகாணத்தைப் பற்றி எழுதும்போது நான்காவதாக வயலையும் சேர்த்துக்கொள்வர். இந்த நான்கு இடங்களும் ஆண்கள் நடமாடிய இடங்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை.

ஐந்தாவதாக ஓர் இடம் இருக்கிறது. வீட்டைச் சுற்றிக் கிடுகு வேலியால் அடைக்கப்பட்ட நிலம். அதில் ஒரு கிணறு, ஒரு குசினி, பத்துக் கோழி, நாலைந்து தென்னை, ஒரு முருங்கை. ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை இதற்குப் பெயர் வளவு. இங்கு நடந்த உற்பத்திக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. வரியும் இல்லை. ஆகவே ஆவணமும் இல்லை. ஆனால் கடந்த ஒரு நூற்றாண்டில் எமது ஊர்களைப் பட்டினி நெருங்கிய ஒவ்வொரு தடவையும் தாங்கிப் பிடித்தது இந்த இடம்தான். அதை வரலாற்றுக்குள் கொண்டுவருவதும், அது ஏன் எங்கள் கண்முன்னே இல்லாமல் போகிறது என்று கேட்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

வளவின் அமைப்பு

வளவு பழைய தமிழ்ச் சொல். வளைத்து அடைக்கப்பட்ட இடம் என்ற கருத்து அதற்குள் கிடக்கிறது. சிங்களத்தில் பிரபுக்களின் மாளிகையைக் குறிக்கும் ‘வலவ்வ’வும் இதன் உறவுச் சொல்லே. அங்கே அது மாளிகையாக உயர்ந்தது. எங்களிடம் அது மண்ணோடு நின்றது.

பழைய வளவு இரண்டு பகுதியாக இருந்தது. முன்புறம் வெள்ளை மணல் பரப்பிய முற்றம். காலையில் ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டி வரிவரியாக விடுவார்கள். வீட்டுக்கு வரும் ஆண்களின் எல்லை அந்த முற்றமும் திண்ணையும். பின்புறம்தான் உண்மையான வளவு. கிணறும் துலாவும், குளிக்கும் மறைப்பும், குசினியும், கோழிக்கூடும், விறகுக் குவியலும் அங்கே இருக்கும். அது முழுக்கப் பெண்களின் ஆட்சி.

இந்த அமைப்பில் முக்கியமான ஒரு சிறு விசயம் வேலியில் இருக்கும் பொட்டு. ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. தெருவில் இறங்காமல், முக்காட்டைச் சரிசெய்யும் அவசரமும் இல்லாமல், பெண்கள் ஒரு குறிச்சியின் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் வரை இந்தப் பொட்டுகள் வழியே போய்வந்தார்கள். நெருப்புத் துண்டு, உப்பு, கறிவேப்பிலை, அடைக்கு வைக்க முட்டை, மரணச் செய்தி, கலியாணப் பேச்சு எல்லாம் அதன் வழியாகத்தான் போயின. ஆண்களுக்குத் தெரு எப்படியோ, பெண்களுக்குப் பொட்டு அப்படி. இன்று மதில் கட்டும்போது முதலில் மூடப்படுவது அதுதான்.

வளவு யாருடையது?

1626இல் போர்த்துக்கேயர் தமது ஆளுகைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி அரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தான் என்பதும், அவர்களில் ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பதும் எமது வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. அதற்கு முன்னரும் இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்திருக்கிறார்கள். முன்னே வந்தவர்களும் பின்னே வந்தவர்களும் இப்பிரதேசத்தின் தாய்வழிக் குடிமுறைக்குள் கலந்தார்கள். பிள்ளை தாயின் குடியைச் சேரும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். இந்த வழமை எங்களுக்கும் அயலிலுள்ள தமிழர்களுக்கும் பொதுவானது. முக்குவர் சட்டத்தைப் பற்றி 1876இல் பிரிட்டோ எழுதிய நூலும், அண்மைக் காலத்தில் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற மானிடவியலாளர் அக்கரைப்பற்றை மையமாக வைத்துச் செய்த ஆய்வுகளும் இதனை விளக்குகின்றன.

இதன் விளைவு நிலத்தில் தெரிந்தது. வாப்பாவும் உம்மாவும் தம் வளவில் மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மகன் தன் மனைவியின் வளவுக்குப் போவான். ஆகவே ஒரு வளவில் தாய், மகள், மகளின் மகள் என்று பெண்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள். ஆண்கள் வந்து சேர்ந்தவர்கள். ‘எங்கட வளவு’ என்று ஒரு பெண் சொன்னால் அது வெறும் பேச்சல்ல. சட்டப்படியும் அது பெரும்பாலும் அவள் பெயரில்தான் கிடந்தது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமற்றோர் உரிமைச் சட்டத்தின் கீழும் ஷரீஆவின்படி மகனுடைய பங்கில் பாதியே மகளுக்கு. ஆனால் உயிரோடிருக்கும்போதே பெற்றோர் நன்கொடையாக எழுதிக் கொடுத்த வீடும் வளவும் அந்தப் பங்கீட்டுக்குள் வராது. வயல் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளோடு போக, வளவு பெண்பிள்ளைகளோடு நின்றது.

நிலம் தன்னுடையது என்பதால்தான் பெண் அதில் ஐந்து வருசம் காத்திருந்து காய்க்கும் தென்னையை நட்டாள். பத்து வருசம் கழித்துப் பழுக்கும் மாவையும் நட்டாள். தென்னங்கன்று என்று நம்மவர்கள் சொல்வதில்லை, தென்னம்பிள்ளை என்பார்கள். ஓரறிவுயிரின் இளமைக்குப் ‘பிள்ளை’ என்ற பெயர் பொருந்தும் என்பதைத் தொல்காப்பிய மரபியலே ஏற்கிறது. இலக்கணம் படிக்காத மூத்தம்மாக்களிடம் அந்த மரபு அப்படியே இருந்தது.

கோழி என்ற வங்கி

வீட்டுக் கோழிக்குத் தமிழ் இலக்கியத்தில் நீண்ட வரலாறு உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர் குறுந்தொகையின் 139ஆம் பாட்டில், மாலை வேளையில் வேலியோரம் காட்டுப்பூனை வருவதைக் கண்டு தாய்க்கோழி குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியை உவமையாக்கியிருக்கிறார். பட்டினப்பாலையில் முற்றத்தில் உலரும் தானியத்தைக் கொத்த வரும் கோழிக்குப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்டப் புலவர் அதைச் சொன்னார். எங்கள் ஊரில் நிலைமை நேர்மாறு. கோழியை வளர்த்துத்தான் காதணி வாங்கினார்கள். மகளுக்கு அலுக்குத்துச் செய்ய முட்டைக் காசைச் சேர்த்த உம்மாமார் எத்தனையோ பேர்.

ஊர்க்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பிறகு அடைக்கு விழும். வருசத்தில் மூன்று நான்கு ஈடு. பாமில் வளரும் முட்டைக்கோழி ஏறக்குறைய முந்நூறு இடுகிறது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் ஊர்க்கோழி நட்டம்தான். ஆனால் ஊர்க்கோழிக்குத் தீன் செலவு என்று ஒன்று இருக்கவில்லை. குறுணல், தவிடு, திருவி எஞ்சிய தேங்காய்ப்பூ, கறையான், புழு, விழுந்த பழம் இவைதான் அதன் தீன். குஞ்சுக்குக் கடைக்குப் போவதும் இல்லை. அடைக்கோழியே இயந்திரம். கழிவை முட்டையாகவும் இறைச்சியாகவும் எருவாகவும் மாற்றும் வேலையை அது சம்பளமில்லாமல் செய்தது.

அடை வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. பழைய கடகத்தில் மணல் அல்லது வைக்கோல் போட்டு, ஒற்றைப்பட எண்ணில் முட்டை வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் வைப்பதுண்டு. கரியையும் ஆணியையும் நம்பிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் ஏழெட்டு நாளில் முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கரு ஓடியதையும் ஓடாததையும் பிரிக்கும் கையறிவு நம்பிக்கையல்ல, அது தொழில்நுட்பம். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும். பிறகு பருந்துக்கும் கீரிக்கும் பயந்து கரப்பைக் கவிழ்த்து மூடுவார்கள். மஃரிபுக்கு முன்னர் எல்லா வளவிலும் கேட்கும் ஒரே கேள்வி: “கோழிய அடச்சிட்டியா புள்ள?”

கோழி இல்லாதவளுக்குக் கோழி கிடைக்க வாரம் என்ற ஏற்பாடு இருந்தது. உள்ளவள் ஒரு பேட்டைக் கொடுப்பாள். வளர்ப்பவள் குஞ்சில் பாதியைத் திருப்பிக் கொடுப்பாள். வட்டியில்லை. குஞ்சு செத்தால் இருவருக்கும் நட்டம். இலாப நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் இஸ்லாமிய நிதிமுறை பற்றி இன்று கருத்தரங்குகள் நடத்துகிறோம். எழுத்தறியாத பெண்கள் வேலிப் பொட்டு வழியே அதைச் செய்து காட்டியிருந்தார்கள்.

மார்க்கச் சட்டமும் கோழிக்கூட்டுக்குள் வாழ்ந்தது. அசுத்தம் தின்னும் பிராணியை ‘ஜல்லாலா’ என்பர். அதைச் சில நாள் அடைத்துச் சுத்தமான தீன் போட்ட பின்னரே உண்ண வேண்டும். இப்னு உமர் (ரலி) அவர்கள் கோழியை மூன்று நாள் அடைத்து வைத்ததாக அறிவிப்பு உண்டு. எங்கள் ஊர்களில் பெருநாளுக்கு அறுக்கும் கோழியைக் காலில் கயிறு போட்டுக் கட்டி நெல் போட்டு வைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால், “கண்டதையும் திண்ட கோழி, வகுறு சுத்தமாகட்டும்” என்பதுதான் பதில். பிக்ஹு நூலின் ஒரு பாடம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. அறுப்பதற்குச் சிறுவன் கோழியை லெப்பையிடம் கொண்டுபோவான். பெண் அறுத்தால் கூடும் என்பதற்குப் புகாரியிலேயே ஆதாரம் இருக்கிறது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடு மேய்த்த பணிப்பெண் கல்லால் அறுத்த ஆட்டை உண்ணலாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். இருந்தும் எங்கள் வழமை கத்தியை ஆணிடம் கொடுத்தது. வளர்ப்பு, விற்பனை, சமையல் யாவும் பெண்ணிடம். நடுவில் அந்த ஒரு கணம் மட்டும் ஆணிடம்.

மரமும் மொழியும்

கரையோரத்து மணல் வளவில் எதையும் இலேசாக விளைவிக்க முடியாது. தண்ணீர் நிற்காது. அதனால் ஒவ்வொரு செடியும் தண்ணீர் சிந்தும் இடத்தைத் தேடி நடப்பட்டது. குளிக்கும் இடத்தருகே வாழை. பாத்திரம் கழுவும் இடத்தில் வெற்றிலையும் ரம்பையும் வல்லாரையும். அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. மீன் கழுவிய தண்ணீர் தேசிக்கும் மாதுளைக்கும். வேலிக் கதியாலாகப் பூவரசும் முருங்கையும் நிற்கும். வேலி என்பதே ஒரு தோட்டம்தான். தென்னையைச் சொல்லவே வேண்டாம். ஓலை கிடுகாகி வேலியாகவும் கூரையாகவும் ஆனது. ஈர்க்கில் விளக்குமாறு, சிரட்டை அகப்பை, பொச்சு கயிறும் அடுப்பெரிப்பும், தேங்காய் பாலும் எண்ணெயும்.

இந்த வளவின் சொற்களைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் நாட்டின் வரலாறே வெளிவரும். கொய்யா, அன்னாசி, அன்னமுன்னா, பப்பாசி இவை அமெரிக்கக் கண்டத்துப் பழங்கள். போர்த்துக்கேயர் காலத்துக் கடல்வழியாகப் பெயரையும் சுமந்துகொண்டு வந்தவை. குசினி அவர்களது சொல். பூசணித் தோசியின் ‘தோசி’யும், பாணும், விசுக்கோத்தும் அவ்வாறே. போஞ்சி ஒல்லாந்தருடையது. மாசி மாலைதீவுக் கடலிலிருந்து வந்தது. வட்டிலப்பத்தை மலாய் மக்களிடமிருந்து பெற்றோம். சஹன் அரபுச் சொல். எங்களை நாட்டை விட்டே துரத்த முனைந்தவர்களின் சொல்லும் பழமும் எங்கள் உம்மாமாரின் பின்வளவில் வேரூன்றிவிட்டன. வரலாற்றில் பகை எழுதப்படும் அளவுக்கு இப்படியான சுவீகாரம் எழுதப்படுவதில்லை.

குசினியிலிருந்து அயல்வீட்டுக்கு

கறியை ஆணம் என்பது எமது சமூக வழக்கு. தமிழ்நாட்டு முஸ்லிம்களிடமும் அது உண்டு. குழம்பு என்ற பொருளில் அது பழந்தமிழ்ச் சொல். பேச்சுத் தமிழின் பெரும்பகுதி அதைக் கைவிட்டுவிட, முஸ்லிம்களின் அடுப்படி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பாலாணம், புளியாணம், மீனாணம், கோழியாணம் என்று அது கிளைவிடும்.

அன்றாடச் சாப்பாட்டில் விலைகொடுத்து வாங்கியவை குறைவு. சோறு வட்டையிலிருந்து வந்தது. மீன் கடலிலோ வாவியிலோ இருந்து வந்தது. மற்றதெல்லாம் வளவு. முருங்கையிலைச் சுண்டலை எடுத்துக்கொள்வோம். இலையை உருவி, அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு பிடி கூனி சேர்த்து, மூடாமல் சட்டியில் வாட்டி, திருவிய தேங்காய்ப்பூவைப் போட்டுக் கிளறி, இறக்கிய பிறகு தேசிப்புளி விட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் கசக்கும். பத்து நிமிச வேலை. கூனியைத் தவிர எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

பிள்ளைப் பெற்ற பெண்ணுக்கு நாற்பது நாளும் தனிச் சமையல். மிளகு, மல்லி, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள் அரைத்து, உள்ளி அள்ளிப் போட்டு, ஊர்க்கோழிப் பேட்டை ஆணமாக வைப்பார்கள். மகள் வயிற்றோடு இருக்கும்போதே எந்தப் பேடு அதற்கென்று உம்மா கண்ணால் குறித்து வைத்திருப்பாள். பெருநாள் நெருங்கினால் முட்டை விற்பனை நின்றுவிடும். வட்டிலப்பத்துக்காக முட்டைகள் அரிசிப் பானைக்குள் புதைந்து கிடக்கும்.

சமைத்தது வீட்டோடு நிற்கவில்லை. ஆணம் வைத்தால் தண்ணீரைக் கூட்டி வைத்து அயலவரை நினைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்பது நட்டவருக்கு ஸதகா என்ற கருத்துள்ள ஹதீஸும் எல்லோரும் அறிந்ததே. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஷாபிஈ மத்ஹபின்படி நெல்லுக்கு ஸகாத் கடமை. தேங்காய்க்கோ முருங்கைக்கோ மாம்பழத்துக்கோ அது கடமையில்லை. விற்பனைச் சரக்காக வைத்திராத கோழிக்கும் இல்லை. ஆணின் வயலுக்கு அளவும் கணக்கும் விதிக்கப்பட்டிருந்தன. பெண்ணின் வளவுக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஆனாலும் ஒரு மூடி போட்ட கோப்பை தினமும் பொட்டு வழியே போய்க்கொண்டுதான் இருந்தது. வெறும் கோப்பையாக அது திரும்பி வரக்கூடாது என்பதும் எழுதாத சட்டம்.

பஞ்சம் வந்தபோது

வளவின் பெறுமதி சாதாரண நாட்களில் தெரியவில்லை. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அந்த வழி அடைபட்டது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அரிசி கூப்பனுக்கு வந்தது. கோதுமை மா அந்த நெருக்கடியில்தான் கிராமத்துக் குசினிவரை நுழைந்தது. தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி அதை வளவோடு சேர்த்துவிட்டது.

இரண்டாவது சோதனை 1970களில். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்லத் தடைகள் இருந்தன. பாணுக்கு விடியுமுன் வரிசை நின்றது. அன்று மரவள்ளியும் வற்றாளையும் ஈரப்பலாவும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. மரவள்ளியை மூடாத பானையில் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்பது பெண்களுக்குத் தெரிந்திருந்தது. கிழங்கிலுள்ள சயனைட்டு நச்சு ஆவியாகப் போக அதுவே வழி என்று விஞ்ஞானம் சொல்கிறது.

மூன்றாவது யுத்தம். 1985க்குப் பின்னர் வட்டைக்குப் போவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதாயிற்று. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு பலர் மேற்கிலிருந்த காணிகளைக் கைவிட்டனர். ஊரடங்கில் கடையும் சந்தையும் பூட்டிக் கிடந்த நாட்களில் வயல் தூரத்தில் இருந்தது. வளவு காலடியில் இருந்தது.

அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியால அவகாசம். உடுத்த உடையும் சொற்பப் பணமும் கொண்டுபோகலாம். கோழியையும் மரத்தையும் யாரும் கொண்டுபோக முடியாது. புத்தளத்துக் கொட்டில்களில் மறுபடி ஒரு முருங்கைக் கொப்பை நட்டுத்தான் வாழ்க்கை தொடங்கியது. இருபது ஆண்டுகள் கழித்து முசலிப் பக்கம் திரும்பியவர்களுக்கு முன்னால் காடு நின்றது. அந்தக் காட்டுக்குள் ஒரு கிணறும், பக்கத்தில் ஒரு புளியமரமும் தென்னையும் தெரிந்தால் அங்கே ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம். உறுதிகள் எரிந்தும் தொலைந்தும் போன ஒரு சமூகத்துக்குப் பெண்கள் நட்ட மரமும் சாட்சியாயிற்று. வளவு வரலாற்றுக்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நான்காவது நாம் எல்லோரும் கண்டது. 2022 செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அவ்வாண்டு ஜூனில் அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. ஜும்ஆ நாளில் மண்வெட்டி பிடிக்கச் சொன்னார்கள் என்று எங்கள் ஊர்களில் பகிடி விட்டார்கள். பகிடிக்குப் பின்னால் ஒரு கசப்பு இருந்தது. விடுமுறை கிடைத்தது; தோட்டம் செய்ய வளவுதான் இருக்கவில்லை.

எங்கே போனது வளவு?

பல அடிகள் விழுந்தன. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னைகளைப் பெருமளவில் சாய்த்தது. மீண்டும் நட்டவை காய்க்க ஐந்தாறு வருசம் சென்றது. அதற்கு முந்திய ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்திருந்தது. தொடர்ந்து வந்த காலத்தில் பாம் கோழி பெருகியது. ஆறேழு கிழமையில் அறுப்புக்குத் தயாராகும் கோழி கடையில் தொங்கும்போது ஆறு மாதம் காத்திருந்து வளர்க்கும் கோழிக்கு என்ன மதிப்பு? 2004 டிசெம்பர் 26 சுனாமி கரையோர வளவுகளை அள்ளிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுப் பகுதிகளில் கடலுக்கு அண்மையில் கட்டக் கூடாது என்ற எல்லை வந்தது. கிழக்கில் முதலில் அது 200 மீற்றராக இருந்தது. கணிசமானோர் தொடர்மாடிகளுக்குப் போனார்கள். மூன்றாம் மாடியில் கோழி அடைகாக்காது.

ஆனால் பெரிய காரணம் எங்கள் வழமைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு ரூட் வளவு, அதாவது 40 பேர்ச், நான்கு பெண்பிள்ளைகளுக்குப் பிரிந்தால் ஆளுக்குப் பத்துப் பேர்ச். அடுத்த தலைமுறையில் இரண்டு பெண்பிள்ளை என்றாலும் ஐந்து பேர்ச். அதில் வீடும் மதிலும் மலசலகூடக் குழியும் போனால் மிச்சம் ஒரு சீமெந்து நடை. காத்தான்குடியில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் சில சதுர கிலோமீற்றருக்குள் வாழ்கின்றனர். பெண்ணுக்கு வளவைக் கொடுத்த அதே முறைதான் நான்கு தலைமுறையில் வளவைத் தின்று முடித்தது.

இந்த இடத்தில் நாம் கவனமாகக் கதைக்க வேண்டும். பெண்வீட்டார் வீடு கட்டிக் கொடுக்கும் வழமையால் ஏழைத் தகப்பன்மார் படும் பாடு பொய்யல்ல. மத்திய கிழக்குக்குப் போய் வீடு கட்டக் காசு சேர்த்த சகோதரிகள் எத்தனை பேர்! அந்தச் சுமையை இறக்க வேண்டும் என்று மிம்பர்களில் சொல்வது நியாயமே. ஆனால் வீடு கட்ட வேண்டியது ஆணின் பொறுப்பு என்று மாறும்போது உறுதி யாருடைய பெயருக்குப் போகும் என்ற கேள்வி எழுவதில்லை. பெண் தன் மண்ணில் நின்றாள் என்பதே பழைய முறையில் இருந்த நன்மை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனாலும், தலாக் ஆனாலும், மவுத்தானாலும் அவளை ஒருவரும் வெளியே போ என்று சொல்ல முடியாது. கிணறும் முருங்கையும் நாலு கோழியும் அவளோடு இருக்கும். சீர்திருத்தம் சுமையை மட்டும் இறக்கி, மண்ணையும் சேர்த்துப் பறித்துவிடக் கூடாது. ஆணின் பொறுப்பில் கட்டும் வீட்டில் பெண்ணுக்குப் பெயரளவிலாவது ஒரு பங்கு எழுதப்பட வேண்டும் என்ற உரையாடலை உலமாக்களும் சட்டத்தரணிகளும் தொடங்குவது நல்லது.

செய்யக்கூடியவை

வளவு பழையபடி திரும்பி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஐந்து பேர்ச்சில் தென்னந்தோப்பு வைக்க முடியாது. என்றாலும் சில காரியங்கள் எங்கள் கையில் இருக்கின்றன.

முதலாவது, சொற்களையும் கையறிவையும் பதிவு செய்வது. நாட்டார் கவிகளைத் தேடி ஊர் ஊராகத் திரிந்த எஸ். முத்துமீரான் போன்றவர்கள் இல்லாவிட்டால் எமது பெண்களின் பாட்டு இன்று எமக்குக் கிடைத்திராது. பாட்டுக்கு நடந்தது கோழி வளர்ப்புக்கும் சமையலுக்கும் நடக்கவில்லை. பத்தாம் தரத்து மாணவர்களிடம் கதியால், கரப்பு, பொட்டு, குறுணல் என்ற சொற்களைச் சொன்னால் முகத்தைப் பார்க்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் ஒவ்வொரு குறிச்சியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. உங்கட வளவில என்னென்ன மரம் நிண்டது? கோழிக்கு நோய் வந்தா என்ன செஞ்சீங்க? முட்டைக் காச எங்க வச்சீங்க? எழுபத்துமூணு, எழுபத்துநாலுல என்ன சமைச்சீங்க? பாடசாலைச் செயற்றிட்டமாகவே இதைச் செய்யலாம்.

இரண்டாவது, பள்ளிவாசல்களின் காணி. வக்பு நிலங்களில் ஒரு பகுதியை அயலிலுள்ள பெண்கள் மரக்கறி செய்யக் கொடுப்பதில் எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை. வக்பின் நிபந்தனைக்கு முரணில்லாமல் இருந்தால் போதும்.

மூன்றாவது, வரலாற்று நூல் எழுதும்போது உறுதிகளைப் பெண்களின் பெயரோடு சேர்த்துப் படிப்பது. மட்டக்களப்பு, கல்முனைக் காணிப் பதிவகங்களில் கிடக்கும் நன்கொடை உறுதிகளில் எந்த வளவு எந்தத் தாயிடமிருந்து எந்த மகளுக்குப் போனது, அதன் எல்லையில் எந்த மரம் நின்றது என்பவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. எல்லையைச் சொல்லும்போது அயல் வளவுக்காரியின் பெயரும் அதில் இருக்கும். எமது சமூக வரலாற்றில் ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர்கள் ஒருசேரக் கிடைக்கும் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும். அதைத் திறந்து படிக்க ஒரு ஆய்வு மாணவர் முன்வந்தால் போதும்.